மூக்கில் மிளகு வைத்து அடக்கப்பட்ட மன்னர்: இரண்டாம் ராம்சேஸின் வாழ்வு

முஹர்ரம் பிறந்து ஆஷூரா நோன்பு நெருங்கினால் நம் கைபேசிகளில் தவறாமல் ஒரு படம் வந்து சேரும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முதியவரின் உலர்ந்த உடல். கறுத்த தோல், வளைந்து நீண்ட மூக்கு, தலையில் ஒட்டியிருக்கும் செம்பட்டை முடி. நபி மூஸா (அலை) அவர்களைத் துரத்திச் சென்று கடலில் மூழ்கிய ஃபிர்அவ்ன் இவன்தான் என்று கீழே எழுதியிருக்கும். நோன்பு திறக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இது உண்மையா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நாமும் நாலு பேருக்கு அனுப்பி வைப்போம்.

அந்தப் படத்தில் பெரும்பாலும் இருப்பவர் எகிப்தை ஆண்ட இரண்டாம் ராம்சேஸ். அவர் யார், என்ன செய்தார், அவரைப் பற்றி நாம் எதைத் துணிந்து சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைப் பார்க்கலாம். ஃபிர்அவ்னை 'அவன்' என்றே சொல்லிப் பழகிய நாம் இவரை 'அவர்' என்று எழுதுவது சிலருக்கு உறுத்தலாம். காரணம் போகப் போகத் தெரியும்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் குடும்பங்களுக்கு இவரோடு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 1976இல் ராம்சேஸின் உடல் பூஞ்சை பிடித்து அழியத் தொடங்கியதால் மருத்துவம் பார்க்க விமானத்தில் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது மூக்குத் துவாரங்களுக்குள் சிறிய உருண்டை மணிகள் தெரிந்தன. அவை மிளகு. உடலைப் பதப்படுத்தியவர்கள், துணியைச் சுற்றி இறுக்கும்போது அந்த நீண்ட மூக்கு நசுங்கிவிடாமல் இருக்க, மிளகையும் ஒரு சிறு எலும்புத் துண்டையும் உள்ளே வைத்து அடைத்திருந்தார்கள்.

எகிப்தில் மிளகு விளையாது. மிளகுக் கொடி தானாக முளைத்துப் படர்ந்த காடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போதும், கம்பம்மெட்டுப் பாதையில் போகும்போதும் நாம் பார்க்கிற மலைகள் அந்தத் தொடரைச் சேர்ந்தவை. விடியற்காலை ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் போய்வரும் நம் பெண்களுக்கு அந்தக் கொடியைத் தெரியும். மன்னரின் மூக்கில் இருந்த மிளகு எந்தச் சரிவில் பறித்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அது நம் பக்கத்து மலைத்தொடரிலிருந்து கடல் கடந்து போன பண்டம். பல கைகள் மாறித்தான் போயிருக்க வேண்டும்.

அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ரோமர் காலத்தில், இந்த வணிகம் பெரிதாக வளர்ந்தது. செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, இந்தியாவில் செய்த ஒரு பானையில் ஏழரை கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அதே கரையில் குஸைர் அல் கதீம் என்ற இடத்தில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ்ப் பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருந்தன. நம் ஆட்கள் அங்கே போய் வந்திருக்கிறார்கள், அல்லது அவர்களுடைய சரக்காவது போயிருக்கிறது.

இனி ராம்சேஸின் கதைக்கு வருவோம். அவர் பரம்பரை அரச குடும்பம் அல்ல. தாத்தா முதலாம் ராம்சேஸ் படைத்தளபதியாக இருந்தவர். வாரிசு இல்லாத மன்னர் ஒருவர் அவரைத் தமக்குப் பின் ஆளத் தேர்ந்தெடுத்தார். தந்தை சேத்தி வலிமையான அரசர். தாய் பெயர் தூயா. கி.மு. 1279 வாக்கில், இருபது வயதைக் கடந்த இளைஞராக ராம்சேஸ் அரியணை ஏறினார். 66 ஆண்டுகள் ஆண்டார். அவர் இறந்தபோது, வேறோர் அரசரின் ஆட்சியைப் பார்த்தவர்கள் நாட்டில் மிகச் சிலரே இருந்திருப்பார்கள்.

ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில், கி.மு. 1274 வாக்கில், ஹிட்டைட்டுகளுடன் போர். இன்றைய துருக்கியை ஆண்ட பேரரசு அது. சிரியாவில் ஓரண்டஸ் ஆற்றங்கரையில் உள்ள காதேஷ் நகரம் யாருக்கு என்பதே வழக்கு. ராம்சேஸ் நான்கு படைப்பிரிவுகளோடு புறப்பட்டார். வழியில் பிடிபட்ட இரண்டு நாடோடிகள், எதிரிப் படை வெகு தொலைவில் அலெப்போ பக்கம் இருக்கிறது என்றார்கள். அதை நம்பிய இளம் மன்னர் ஒரே ஒரு பிரிவோடு முன்னேறிப் போய்க் கூடாரம் அடித்தார். எதிரி காதேஷுக்குப் பின்னாலேயே மறைந்திருந்தான். அந்த நாடோடிகள் எதிரி அனுப்பிய ஆட்கள். பின்னால் வந்துகொண்டிருந்த இரண்டாம் பிரிவை ஹிட்டைட்டு ரதங்கள் சிதறடித்துவிட்டு மன்னரின் முகாமுக்குள்ளேயே நுழைந்துவிட்டன. கடற்கரைப் பக்கமிருந்து வந்த இன்னொரு படை உரிய நேரத்தில் சேர்ந்ததால் அவர் உயிர் தப்பினார்.

காதேஷ் ஹிட்டைட்டுகளிடமே இருந்தது. ஆனால் ஊர் திரும்பிய மன்னர், தன்னந்தனியாக நின்று ஆயிரக்கணக்கான எதிரிகளை வென்றதாக அபிதோஸ், கர்னக், லக்ஸர், அபூ சிம்பல் கோயில் சுவர்களில் எல்லாம் படமும் பாட்டுமாகச் செதுக்க வைத்தார். அந்த நாட்டில் எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. படம் பார்ப்பவர்களுக்கு மன்னர் வென்றார் என்றுதான் தோன்றும். தேர்தல் காலத்தில் சுவர் பிடிக்கிற நம் ஊர்க் கட்சிக்காரர்களுக்கு இது புரியும்.

இவரிடம் நாம் பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு. போர் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, கி.மு. 1259 வாக்கில், அதே ஹிட்டைட்டுகளுடன் எழுத்தில் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார். ஒருவர் மீது ஒருவர் படையெடுப்பதில்லை, மூன்றாமவர் தாக்கினால் உதவுவது, ஓடிப்போனவர்களைத் திருப்பி அனுப்புவது, அப்படி அனுப்பப்பட்டவர்களைத் தண்டிக்காமல் விடுவது என்று அதில் விதிகள் இருந்தன. எகிப்தியப் பிரதி கர்னக் சுவரில் இருக்கிறது. மறு தரப்பின் களிமண் பலகைகள் 1906இல் துருக்கியில் கிடைத்தன. இரண்டும் பொருந்துகின்றன. அதன் நகல் ஒன்று இன்று நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. பிறகு அவர் ஹிட்டைட்டு இளவரசியை மணந்தும் கொண்டார். இவருடைய ஆட்சியின் பிற்பகுதியில் பெரிய போர்களே இல்லை.

கட்டடங்கள் என்று வந்தால் இவரோடு எவரும் போட்டியிட முடியாது. ஒன்றை இங்கேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். பிரமிடுகளை இவர் கட்டவில்லை. கிஸாவின் பெரிய பிரமிடு கூஃபு மன்னர் கட்டியது. ராம்சேஸ் பிறக்கும்போதே அதற்கு 1,200 ஆண்டுகளுக்கு மேல் வயதாகிவிட்டது. அவருக்கே அது பழைய கட்டடம்தான். அவருடைய மகன்களில் ஒருவரான காஎம்வாசெத், இடிந்து கிடந்த பழைய பிரமிடுகளையும் கல்லறைகளையும் தேடிப் போய்ச் செப்பனிட்டு, இது இன்ன மன்னருடையது என்று உரியவரின் பெயரை எழுதி வைத்தார். தொல்லியல் துறை செய்கிற வேலையை மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த மனிதர். அந்தக் குடும்பத்திலேயே நமக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்.

தந்தையின் வழி வேறு. பழைய மன்னர்களின் சிலைகளிலும் கோயில்களிலும் அவர்கள் பெயரைச் சுரண்டிவிட்டுத் தம் பெயரைப் பொறிக்கச் சொன்னார். தமக்குப் பின் வருபவர் தம் பெயரையும் அப்படிச் சுரண்டிவிடாமல் இருக்க எழுத்துகளை ஆழமாகச் செதுக்க வைத்தார். லக்ஸருக்கு எதிர்க்கரையில் தம் நினைவுக் கோயிலில் சுமார் ஆயிரம் டன் எடையில் ஒற்றைக் கல்லில் தம்மை அமர்ந்த நிலையில் வடித்து வைத்தார். அது விழுந்து உடைந்து இன்றும் அங்கேயே கிடக்கிறது.

நம் தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கிறிஸ்துவுக்கு முற்பட்டவை, தமிழி எழுத்து உள்ளவை. ஒருவர் தூக்கிவிடக்கூடிய அளவு சிறிய கற்கள். அதில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு பிடிக்கும் சண்டையில், உயிர்விட்ட தீயன் அந்தவன் என்பவருக்கு நட்டது. கம்பத்துக்குத் தெற்கே இன்றும் நமக்கு ஒரு கூடலூர் இருக்கிறது. அந்த வீரர் அந்தக் கல்லை வைக்கச் சொல்லவில்லை. ஊரார் வைத்தார்கள். ஆயிரம் டன் சிலையைப் பற்றி எழுதும்போது அந்தச் சிறு கல் நம் நினைவில் வந்து நிற்கிறது.

தெற்கே நூபியாவில் மலையைக் குடைந்து கட்டிய அபூ சிம்பல்தான் ராம்சேஸின் கட்டடங்களில் மிகவும் பெயர் பெற்றது. வாசலில் சுமார் 20 மீட்டர் உயரத்தில் அமர்ந்த நான்கு சிலைகள். நான்கும் அவரே. பக்கத்தில் பட்டத்தரசி நெஃபெர்தாரிக்கு ஒரு சிறிய கோயில். பெரிய கோயிலின் உள்ளறையில் மூன்று தெய்வச் சிலைகளுக்கு நடுவே நான்காவதாகத் தம்மையும் உட்கார வைத்துக்கொண்டார். ஆண்டுக்கு இரு நாள், பிப்ரவரியிலும் அக்டோபரிலும், காலைச் சூரியன் நேராக உள்ளே புகுந்து அந்தச் சிலைகள் மேல் விழும். கணக்கும் கைவேலையும் வியக்க வைப்பவை. மனிதர் ஒருவர் தம்மைத் தெய்வ வரிசையில் வைத்துக்கொண்டதைப் படிக்கும்போது, தானே மிக உயர்ந்த இறைவன் என்று சொல்லிக்கொண்ட ஃபிர்அவ்னைப் பற்றிக் குர்ஆன் கூறுவது நமக்கு நினைவு வரத்தான் செய்யும்.

காலப்போக்கில் அந்தக் கோயிலை மணல் மூடியது. 1813இல் அதை வெளியுலகுக்குத் தெரிவித்தவர் சுவிட்சர்லாந்துக்காரரான புர்க்ஹார்ட். ஷைகு இப்ராஹீம் என்ற பெயரில் அரபு நாடுகளில் சுற்றியவர். கெய்ரோவில் முஸ்லிம் அடக்கத்தலத்தில் அடங்கியிருக்கிறார். 1960களில் அஸ்வான் பெரிய அணை கட்டப்பட்டபோது கோயில் தண்ணீருக்குள் போக இருந்தது. யுனெஸ்கோ முன்னின்று, 1964 முதல் 1968 வரை, கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து 65 மீட்டர் உயரத்தில் மறுபடி அடுக்கிக் கட்டினார்கள். கற்களுக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் முஸ்லிம்களான நூபியர்களில் எகிப்துப் பக்கம் மட்டும் சுமார் 50,000 பேர் பள்ளிவாசலையும் பேரீச்சந்தோப்பையும் அடக்கத்தலங்களையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். வைகை அணைக்காக ஊரை இழந்த குடும்பங்கள் நம் மாவட்டத்திலும் இருக்கின்றன. அவர்களிடம் இதைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது.

இவ்வளவையும் கட்டியவர்கள் யார்? வடக்கே டெல்டாவில் தம் பெயரால் ராம்சேஸ் எழுப்பிய பி-ராம்சேஸ் தலைநகரத்துக்குக் கல் இழுத்த அபிரு எனும் மக்களுக்குத் தானியம் வழங்கும்படி சொல்லும் பாப்பிரஸ் ஓலை ஒன்று கிடைத்திருக்கிறது. பனூ இஸ்ராயீல்களை வதைத்து வேலை வாங்கிய ஊராக யூதர்களின் வேதமும் ராம்சேஸ் என்ற பெயரைச் சொல்கிறது.

தெற்கே கல்லறைகளைக் குடைந்த கைவினைஞர்களின் நிலை வேறு. தெய்ர் அல் மதீனா என்ற தனி ஊரில் அவர்கள் கூலிக்கு வேலை செய்தார்கள். கூலி, கோதுமையும் வாற்கோதுமையும். ராம்சேஸின் நாற்பதாம் ஆட்சியாண்டில் எழுதிய வருகைப் பதிவு ஒன்று பெரிய கல் சில்லில் கிடைத்து, இப்போது லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 40 தொழிலாளர்கள், 280 நாள் கணக்கு. யார், என்று, ஏன் வரவில்லை என்று எழுதியிருக்கிறது. ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவருக்குக் கண் நோய். ஒருவர் தாயை அடக்கம் செய்யப் போனார். இன்னொருவர் மேலதிகாரியின் சொந்த வேலைக்குப் போயிருக்கிறார்! ஆயிரம் டன் சிலை சொல்லாததை இந்தக் கல் சில்லு சொல்கிறது.

ராம்சேஸுக்கு ஏறத்தாழ நூறு பிள்ளைகள். மூத்த மகன்கள் பன்னிரண்டு பேர் அவருக்கு முன்பே இறந்துபோனார்கள். கட்டடங்களைச் செப்பனிட்ட காஎம்வாசெத்தும் அவர்களில் ஒருவர். கடைசியில் பதின்மூன்றாவது மகன் மெர்னப்தாதான், தாமே முதியவராகிவிட்ட பிறகு, அரியணை ஏறினார். கி.மு. 1213 வாக்கில் இறந்தபோது ராம்சேஸுக்கு வயது தொண்ணூறை ஒட்டியிருந்தது. உடலை ஆய்ந்த மருத்துவர்கள் பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்திருந்ததையும், இரத்தக் குழாய்கள் தடித்திருந்ததையும், முதுகு கூனியிருந்ததையும் கண்டார்கள். உலகமே அஞ்சிய மன்னர் கடைசிக் காலத்தில் பல் வலியோடு நடமாடிய கிழவர்.

அவருடைய கல்லறை கொள்ளையடிக்கப்பட்டது. பூசாரிகள் உடலை எடுத்து இடம் மாற்றி மாற்றி, கடைசியில் தெய்ர் அல் பஹ்ரி மலையில் ஓர் ஒளிவிடத்தில் மற்ற மன்னர்களோடு சேர்த்து வைத்தார்கள். அருகிலுள்ள குர்னா கிராமத்து அப்துர் ரசூல் குடும்பத்தார் அதைக் கண்டுபிடித்து, சில ஆண்டுகள் இரகசியமாகப் பொருட்களை விற்று வந்தார்கள். 1881இல் விஷயம் வெளியாகி உடல்கள் கப்பலில் கெய்ரோ போயின. நைல் கரையெங்கும் கிராமத்துப் பெண்கள் தலைவிரி கோலமாக அழுதுகொண்டே கப்பலோடு நடந்தார்களாம். 1976இல் பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது அணிவகுப்பு மரியாதை தரப்பட்டது. அதற்காக அவருக்குக் கொடுத்த பாஸ்போர்ட் என்று படத்தோடு சுற்றுகிறதே, அது அண்மையில் கணினியில் செய்த படம். தயவு செய்து அதை அனுப்பாதீர்கள்.

இனிப் பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். இவர்தான் அந்த ஃபிர்அவ்னா?

குர்ஆன் ஃபிர்அவ்னைப் பல இடங்களில் குறிப்பிடுகிறது. ஓர் இடத்தில்கூட அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஃபிர்அவ்ன் என்பது பட்டம். பெரிய வீடு, அதாவது அரண்மனை என்ற பொருளுள்ள எகிப்தியச் சொல்லிலிருந்து வந்தது. நபி யூஸுஃப் (அலை) காலத்து ஆட்சியாளரைக் குர்ஆன் ஃபிர்அவ்ன் என்று சொல்லாமல் மன்னர் என்றே சொல்வதையும் நம் ஆலிம்கள் எடுத்துக்காட்டுவார்கள். அவனுடைய உடல் பின்வருவோருக்கு அத்தாட்சியாக எடுத்து வைக்கப்படும் என்று யூனுஸ் அத்தியாயத்தின் 92ஆம் வசனம் அறிவிக்கிறது. அதை நாம் நம்புகிறோம். எந்த அருங்காட்சியகத்தில் எந்தப் பெட்டியில் என்று அந்த வசனம் சொல்லவில்லை.

உடலில் உப்பு இருந்தது, ஆகவே கடலில் மூழ்கியவர் என்று ஒரு வாதம் சுற்றுகிறது. எகிப்தியர்கள் எல்லா உடல்களையும் நேட்ரான் என்ற உவர் உப்பில் வாரக்கணக்கில் புதைத்து வைத்துத்தான் உலர்த்தினார்கள். ஆகவே பதப்படுத்திய எந்த உடலிலும் உப்பு இருக்கும். கருவாடு போடும் வீட்டில் உப்பு இருப்பதை வைத்து மீன் கடலில் செத்ததா, குளத்தில் செத்ததா என்று சொல்ல முடியாது அல்லவா?

இந்த வாதத்துக்குத் துணையாக எடுத்துக்காட்டப்படும் பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புகைல்கூட, தம் புத்தகத்தில், மூழ்கியவர் ராம்சேஸ் என்று எழுதவில்லை. கொடுமை செய்தவர் ராம்சேஸ், துரத்திப் போய் இறந்தவர் மகன் மெர்னப்தா என்பதே அவர் கருத்து. அதற்கும் மறுப்பு உண்டு. மெர்னப்தா தம் ஐந்தாம் ஆட்சியாண்டில் நட்ட வெற்றிக் கல்லிலேயே, பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ராயீல் என்ற மக்கள் இருப்பதாக எழுதியிருக்கிறது. அவர் மூழ்குவதற்கு முன்பே அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று அறிஞர்கள் கேட்கிறார்கள். வேறு மன்னர்களைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அல்லாஹ் பெயர் சொல்லாமல் விட்ட இடத்தில் நாம் ஒரு பெயரை நிரப்பி, அதைக் குர்ஆனின் அத்தாட்சி என்று பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால், நாளை கல்லூரிக்குப் போய் அந்தத் தொண்ணூறு வயதுக் கிழவரின் எக்ஸ்ரேயைப் பார்க்கும் பிள்ளை எதைச் சந்தேகப்படும்? நாம் அனுப்பிய படத்தை மட்டுமா? இதனால்தான் இந்தக் கட்டுரை முழுவதும் ராம்சேஸை 'அவர்' என்றே எழுதினோம்.

2021 ஏப்ரல் 3 அன்று கெய்ரோவில் ராம்சேஸ் உட்பட 18 மன்னர்கள், 4 அரசிகளின் உடல்களை ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் புதிய அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அந்த இடம் ஃபுஸ்தாத். எகிப்தை வென்ற அம்ர் இப்னு அல் ஆஸ் (ரலி) அவர்கள் அமைத்த முதல் முஸ்லிம் தலைநகரம். அவர்கள் கட்டிய, ஆப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசல் அங்கிருந்து சிறிது தொலைவில்தான் இருக்கிறது. உம்ரா முடித்துக் கெய்ரோ வழியாகத் திரும்பும் நம் பகுதிக் குடும்பங்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கண்ணாடிக்கு வெளியே நின்றால் மூக்கு தெரியும். உள்ளே வைத்த மிளகு தெரியாது.